கொலம்பியா ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தது ஏன்? மனித உரிமை என்பது வெறும் சாக்கா?

காஜாபட்டன் கேட்டது:

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஆபீசில் லட்டு கொடுத்தார்கள், நானும் இரண்டு சாப்பிட்டேன். நம் துணிக்கு அங்கே 12 சதவீதம் வரைக்கும் இருந்த வரி போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ராத்திரி வீட்டில் மச்சானிடம் சொன்னேன். அவர் பஞ்சாலைச் சங்கத்தில் இருப்பவர். "கொலம்பியாக் கதையைப் படிச்சுட்டு வந்து லட்டு சாப்பிடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவும் கொலம்பியாவும் போட்ட ஒப்பந்தத்தை அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் ஐந்து வருடம் மறித்து நின்றன, காரணம் அங்கே சங்கத்துக்காரர்களைக் கொலை செய்கிறார்கள் என்பது, இந்த அளவுக்குப் புரிகிறது. புரியாதது என்னவென்றால், கொலை செய்கிறவனைப் பிடிக்கிறது போலீஸ் வேலை, பூவும் நிலக்கரியும் விற்கிற ஒப்பந்தத்தை நிறுத்தினால் கொலை எப்படி நிற்கும்? அமெரிக்கக்காரன் தன் வேலை போய்விடக் கூடாது என்பதற்கு மனித உரிமை என்று பெயர் வைத்துக்கொண்டானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கட்சிச் சண்டை வேண்டாம்.

பழைய தபால் எழுதியது:

உங்கள் மச்சான் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார், ஆனால் படுக்கப் போகிற நேரத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "சாக்கு" விஷயம். எதிர்த்தது அமெரிக்கச் சங்கங்கள் மட்டும் என்றால் நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. கொலம்பியாவின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான சியுடி-யும் எதிர்த்தது, அதாவது கொல்லப்பட்டவர்களின் சொந்தச் சங்கமே. மெதெயின் நகரத்தில் தேசியத் தொழிற்சங்கப் பள்ளி என்று ஓர் அமைப்பு 1986-இலிருந்து ஒவ்வொரு கொலையையும் பதிவு செய்துகொண்டே வந்தது. ஒப்பந்தம் விவாதத்தில் இருந்த காலத்திலேயே அந்தக் கணக்கு மூவாயிரத்தை நெருங்கிவிட்டது. 2010-இல் மட்டும் 51 பேர். பத்து கொலையில் ஒன்பதுக்கு மேல் யாருக்கும் தண்டனை கிடையாது. இத்தனைக்கும், சங்கம் வைக்கும் உரிமைக்கும் கூட்டுப் பேரத்துக்குமான, ஐ.எல்.ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98 இரண்டு உடன்படிக்கைகளையும் கொலம்பியா 1976-இலேயே ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நாடு. காகிதத்தில் எல்லாம் பக்காவாக இருந்தது. தொழிலாளிகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் சங்கத்தில் இருந்தார்கள், ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது உங்கள் கேள்வி, போலீஸ் வேலைக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது. 2006 நவம்பரில் கையெழுத்துப் போடும்போது கொலம்பியப் பொருட்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே வரி இல்லாமல்தான் அமெரிக்காவுக்குள் போய்க்கொண்டிருந்தன. 1991-இல் கொண்டுவந்த ஆண்டியன் சலுகைச் சட்டம் அது, கொக்கைன் எடுக்கிற கோக்கா இலைக்குப் பதிலாக வேறு பயிர் செய்யட்டும் என்று கொடுத்தது. பொகோட்டாவைச் சுற்றியுள்ள பூந்தோட்டங்கள் காதலர் தினத்துக்கு விமானம் விமானமாக ரோஜா அனுப்பியது அந்தச் சலுகையில்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு குணம், தவணைக்குத் தவணை அமெரிக்க நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும், 2011 பிப்ரவரியில் புதுப்பிக்காமல் விட்டு எட்டு மாதம் சலுகையே இல்லாமல் கிடந்தது. ஒப்பந்தம் வந்தால் அந்தத் தவணையே கிடையாது, நிரந்தரம். சங்கங்கள் சொன்னது இதைத்தான். மாட்டின் மூக்கணாங்கயிறு கையில் இருக்கிறபோதே பேச வேண்டியதைப் பேசு, அவிழ்த்துவிட்ட பிறகு பின்னாலே ஓடாதே. கொலையை ஒப்பந்தம் நிறுத்தும் என்று யாரும் நம்பவில்லை. கையெழுத்துக்கு முன்னால் இருக்கிற பிடி பின்னால் இருக்காது என்றுதான் நம்பினார்கள்.

அந்தப் பிடியைக் கொஞ்ச காலம் பிடித்தும் பார்த்தார்கள். 2008 ஏப்ரலில் புஷ் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார், தொண்ணூறு நாளைக்குள் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. அவைத்தலைவர் நான்சி பெலோசி அந்த விதியையே தள்ளிவைக்க ஓட்டெடுப்பு நடத்தி 224-க்கு 195 என்று ஜெயித்தார். அதே வருடம் அக்டோபரில் மெக்கெய்னோடு நடந்த தேர்தல் விவாதத்தில் ஒபாமா கொலம்பியத் தொழிற்சங்கத் தலைவர்கள் கொல்லப்படுவதையும் யார் மீதும் வழக்கு நடக்காததையும் சொல்லித்தான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார்.

அப்புறம் அவரே அதிபரானார், சுருதி மாறியது. 2011 ஏப்ரல் 7 அன்று கொலம்பிய அதிபர் சாந்தோஸும் அவரும் சேர்ந்து தொழிலாளர் செயல்திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். தொழிலாளர் அமைச்சகத்தைத் தனியாக மறுபடி அமைப்பது, ஆய்வாளர்களைக் கூட்டுவது, சங்கத்துக்காரர்களுக்குப் பாதுகாப்பு, கொலை வழக்குகளுக்கு 95 போலீஸ் புலனாய்வாளர்கள், பனை எண்ணெய், கரும்பு, சுரங்கம், துறைமுகம், பூ என்று ஐந்து தொழில்களில் தனிக் கவனம். படித்தால் நல்ல திட்டம், மறுக்க முடியாது. ஆனால் அதை ஒப்பந்தத்துக்குள் வைக்கவில்லை. பக்கத்தில் வைத்தார்கள். மீறினால் வரிச் சலுகை போகும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அக்டோபர் 12-இல் கீழவையில் 262-க்கு 167, மேலவையில் 66-க்கு 33 என்று நிறைவேறியது. கீழவையில் ஒபாமாவின் சொந்தக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே ஓட்டுப் போட்டார்கள். 2012 மே 15-இல் அமலுக்கு வந்தது.

அந்தக் கரும்புத் தோட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் ஆட்களுக்கு உடனே பிடிபடும். வாயே தெல் கவுக்கா என்ற பகுதியில் கரும்பு வெட்டுகிறவர்களை ஆலைகள் வேலைக்கு வைப்பதில்லை. "கூட்டுறவுச் சங்கம்" ஒன்று இருக்கும், வெட்டுகிறவன் அதில் உறுப்பினர், அதாவது காகிதத்தில் அவனே முதலாளி. முதலாளிக்கு எதற்குத் தொழிலாளர் சட்டம்? சங்கம் வைக்க முடியாது, பேரம் பேச முடியாது, காப்பீட்டுப் பணமும் வெட்டுக்கத்திச் செலவும் அவன் தலையில். கங்காணி முறைக்குக் கூட்டுறவு என்று ஞானஸ்நானம் செய்த மாதிரி. 2008-இல் ஆயிரக்கணக்கான கரும்பு வெட்டிகள் இரண்டு மாதம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள், நேரடி வேலை கேட்டு. செயல்திட்டம் வந்ததும் போலிக் கூட்டுறவுகளுக்குத் தடை வந்தது, பெரிய அபராதமும் வைத்தார்கள். என்ன நடந்தது? கூட்டுறவு என்ற போர்டை இறக்கிவிட்டுக் கம்பெனி என்று ஒரு போர்டு ஏற்றினார்கள். சில இடங்களில் இன்னும் மேலே போய், "சங்க ஒப்பந்தம்" என்ற பெயரில் போலிச் சங்கம் ஒன்றே ஆள் சப்ளை செய்தது. போட்ட அபராதத்தில் பெரும்பகுதி வசூலாகவில்லை. 2016 மே மாதம் அமெரிக்க, கொலம்பியச் சங்கங்கள் சேர்ந்து முறையாகப் புகார் கொடுத்தன. 2017 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையே அறிக்கை வெளியிட்டது, ஆய்வு சரியில்லை, அபராதம் வசூலாவதில்லை, சங்க ஒப்பந்தம் தவறாகப் பயன்படுகிறது என்று. அறிக்கையோடு சரி. வரியில் ஒரு சென்ட் ஏறவில்லை.

ஓவர்லாக் எழுதியது:

நான் சின்ன யூனிட் வைத்திருப்பவன், முப்பது மெஷின். தபால் அண்ணா எழுதியதை மறுக்கவில்லை, கொலையைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நியாயம் பேசுகிறவன் யார் என்பதையும் பார்க்க வேண்டுமா இல்லையா? அந்த 87-ஐயும் 98-ஐயும் அமெரிக்கா இன்றுவரை ஏற்கவில்லை. கொலம்பியா ஏற்ற ஒன்றை, தான் ஏற்காத ஒருவன் வந்து பாடம் எடுக்கிறான். (நம் நாடும் ஏற்கவில்லை என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

1996-இல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடியபோது பணக்கார நாடுகள் தொழிலாளர் விதியை வர்த்தகத்தோடு முடிச்சுப் போடப் பார்த்தன, இந்தியாவும் மற்ற வளரும் நாடுகளும் ஒத்துக்கொள்ளவில்லை, அது ஐ.எல்.ஓ வேலை என்று முடிந்தது. அன்று அப்படி நின்றதுதான் சரி என்று நான் இன்றும் நினைக்கிறேன். குறைந்த கூலிதான் எங்களிடம் இருக்கிற ஒரே சரக்கு என்று பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் அதையும் பிடுங்கிக்கொண்டு போட்டிக்கு வா என்றால் எப்படி?

அப்புறம் இந்த மனித உரிமை ஆளுக்கு ஆள் மாறும். 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கார்மென்ட்ஸ் கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அமெரிக்கா உடனே வங்கதேசத்தின் சலுகையை நிறுத்திவைத்தது, பேப்பரில் பெரிதாக வந்தது. அந்தச் சலுகைப் பட்டியலில் ஆயத்த ஆடையே கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஐரோப்பாவோ கண்டித்ததோடு சரி, வங்கதேசத் துணி வரியில்லாமல் போய்க்கொண்டேதான் இருந்தது, நாங்கள் இங்கே வரி கட்டிக்கொண்டு ஆர்டரை இழந்துகொண்டிருந்தோம். அதனால் எனக்கு லட்டு இனிக்கத்தான் செய்தது.

வவுனியாக்காரி எழுதியது:

ஒப்பந்தத்தை நிறுத்தினால் யார் தலையில் விழும் என்று கேட்கிறவர்கள், விழுந்த இடத்தில் இருந்தவளிடமும் ஒரு சொல்லுக் கேளுங்கோ. எங்களுடையது சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இல்லை, ஐரோப்பா தானாகத் தருகிற ஜி.எஸ்.பி பிளஸ் என்ற வரிச் சலுகை, ஆனால் கதை ஒன்றுதான். யுத்தம் முடிந்த பிறகு சித்திரவதை, சிறுவர் உரிமை, குடியியல் உரிமை பற்றிய மூன்று சர்வதேச உடன்படிக்கைகளை இலங்கை மதிக்கவில்லை என்று 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். நான் அப்போது கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஒரு கார்மென்ட்ஸில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்கம் நிபந்தனைக் கடிதத்தைத் தூக்கி எறிந்து, இறைமை, மானம் என்று மேடையில் கதைத்தது. கைதட்டலும் வாங்கியது. எங்கள் லைனில் ஓவர்டைம் குறைந்தது, போர்டிங் காசு மட்டும் குறையவில்லை. ஊருக்குக் காசு அனுப்புகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் தமிழ்ப் பிள்ளைகள். எங்கட சனத்துக்கு நடந்ததற்காகத்தான் சலுகையை நிறுத்தினார்கள், இழந்தது நாங்களும் சேர்ந்துதான். எவ்வளவு யோசித்தும் இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை.

ஆனால் அதற்காக அழுத்தமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2011 மே மாதம் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக வலயத்துப் பிள்ளைகள் றோட்டுக்கு இறங்கினார்கள், பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி செத்துப்போனார். சட்டமூலத்தை வாபஸ் வாங்கினார்கள். அது வெளிநாட்டுக் கடிதத்தால் நடந்ததில்லை, நாங்கள் நின்றதால் நடந்தது. சலுகை 2017 மே மாதம் திரும்பி வந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்று வாக்குக் கொடுத்து. வாக்கு வருடக்கணக்காக வாக்காகவே கிடந்தது.

பழைய தபால் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதற்குப் பதில் என்னிடம் இல்லை. இதைக் கொலம்பியா விவாதத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கொடுத்ததைப் பிடுங்குவதும் கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனை போடுவதும் ஒன்றில்லை. பிடுங்கினால் லைனில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் அடி. கொடுப்பதைத் தள்ளிவைத்தால் காத்திருப்பது பெரும்பாலும் ஏற்றுமதியாளரும் அரசாங்கமும். அதனால்தான் சங்கங்கள் அந்த ஐந்து வருடத்தை அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்தன, அதனால்தான் கையெழுத்தானதும் அவ்வளவு கசந்துபோனார்கள்.

ஓவர்லாக் தம்பி, ஆளுக்கு ஆள் மாறும் என்பது முழு உண்மை. இன்னும் மோசமான உதாரணம் நான் தருகிறேன். வியட்நாம் ஒப்பந்தத்தைத் தள்ளிவையுங்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் கேட்ட பத்திரிகையாளர் பாம் சி ஸுங்கை 2019 நவம்பரில் கைது செய்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே 2020 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஜனவரியில் அவருக்குப் பதினைந்து வருடச் சிறை. கனடாக்காரர்கள் செய்தது வேறு ரகம், கொலம்பியாவோடு ஒப்பந்தம் போட்டு, வருடா வருடம் மனித உரிமை அறிக்கை தருவோம் என்றார்கள். 2012-இல் வந்த முதல் அறிக்கை, அமலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, இப்போது மதிப்பிட முடியாது என்று சொல்லி முடிந்தது.

ஆனால் மாறுவதாலேயே எல்லாம் பொய் என்று ஆகாது. ஒப்பந்தத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது, யார் புகார் கொடுக்கலாம், எத்தனை நாளில் முடிவு, இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. குவாதமாலாவைப் பாருங்கள். அமெரிக்காவும் மத்திய அமெரிக்க நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தின் கீழ் 2008-இல் சங்கங்கள் புகார் கொடுத்தன. தீர்ப்பு 2017-இல். ஒன்பது வருடம்! சில தொழிற்சாலைகளில் சட்டத்தை அமல்படுத்தவில்லை என்பதை நடுவர் குழுவே ஒத்துக்கொண்டது, ஆனால் அந்த மீறல் "வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்" தொடர்ந்து நடந்தது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. சங்கம் வைத்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கியது உண்மை, அதனால் சட்டை விலையில் எத்தனை சென்ட் வித்தியாசம் வந்தது என்று நீ காட்டு என்பதுதான் கேள்வி. மூன்றே சொல், ஒன்பது வருடத்தைத் தின்றுவிட்டது.

எதிர்ப் பக்கமும் உண்டு. தென்கொரியா ஐ.எல்.ஓ-வின் அடிப்படை உடன்படிக்கைகளை ஏற்க முயல்வேன் என்று ஐரோப்பிய ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு இழுத்தடித்தது. 2021 ஜனவரியில் நிபுணர் குழு அதன் தொழிற்சங்கச் சட்டத்தில் குறை கண்டது. அதில் வரித் தண்டனை எதுவும் கிடையாது, இருந்தும் ஏப்ரலுக்குள் கொரியா 87, 98 உட்பட மூன்றை ஏற்றது. மெக்சிகோவில் இன்னும் நேரடியாக நடந்தது. அமெரிக்கா, கனடாவோடு 2020-இல் வந்த புது வர்த்தக ஒப்பந்தத்தில் நாட்டைத் தண்டிக்காமல் அந்த ஒரு தொழிற்சாலையின் சரக்கை மட்டும் பிடிக்கிற விரைவு வழி ஒன்றை வைத்தார்கள். சிலாவோவில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கூலி ஒப்பந்த ஓட்டெடுப்பில் தில்லுமுல்லு என்று 2021 மே மாதம் அதைப் பயன்படுத்தினார்கள். மறு ஓட்டெடுப்பில் தொழிலாளிகள் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள், 2022 பிப்ரவரியில் புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், மே மாதம் 8.5 சதவீதக் கூலி உயர்வு. அதையும் அமெரிக்கச் சங்கங்கள் கையெழுத்துக்கு முன்னால் முரண்டு பிடித்து வாங்கியதுதான்.

காஜாபட்டன் எழுதியது:

ரொம்ப நன்றி எல்லோருக்கும், அக்காவுக்குத் தனியாக. அப்படியானால் நேராகவே கேட்கிறேன், நம் பிரிட்டன் ஒப்பந்தத்தில் அந்த மூன்றும் எப்படி இருக்கிறது?

பழைய தபால் எழுதியது:

தொழிலாளர் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது, இந்தியா அதற்கு ஒத்துக்கொண்டதே புது விஷயம்தான், 1996-இலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆனால் அந்த அத்தியாயத்தில் தகராறு வந்தால் ஒப்பந்தத்தின் தகராறுத் தீர்ப்பு வழிக்கு எடுத்துப்போக முடியாது. கலந்து பேசலாம்.

பக்கத்திலேயே வேறு மாதிரி ஒன்றும் இருக்கிறது, உங்கள் மச்சானுக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். 2021-இல் திண்டுக்கல் பக்கம் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் நடத்துகிற ஒரு சங்கம், மில் கம்பெனி, வெளிநாட்டுப் பிராண்டுகள் எல்லாம் சேர்ந்து 2022-இல் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம். அரசாங்கங்கள் போட்டதில்லை. ஆனால் ஷிப்ட் நடக்கிற இடத்திலேயே புகார் கேட்க சங்கத்தின் ஆள் இருந்தார், கம்பெனி மீறினால் பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்று கையெழுத்தில் இருந்தது.

ஓவர்லாக் எழுதியது:

ஆர்டரைக் குறைக்கிறேன் என்கிற பிராண்டு விலையையும் பத்து சென்ட் ஏற்றிக் கொடுக்கட்டும், நான் என் முப்பது மெஷினுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அதை யாரும் எந்த ஒப்பந்தத்திலும் எழுத மாட்டேன் என்கிறார்களே, அது ஏன்?

காஜாபட்டன் எழுதியது:

விலை பேசுகிற மெயில் எல்லாம் என் கையால்தான் போகிறது அண்ணா, அவர்கள் குறைப்பது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறார், அந்தத் தொழிலாளர் அத்தியாயத்தை பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். லட்டு வாங்கவில்லை, முறுக்குதான்.